அசையாத சூரியனும் ஒரு மதில் வழக்கும்

வணக்கம் ஐயா,

அறிவியல் புனைகதை எழுத ஆசைப்பட்டு ஒரு கோளைக் கற்பனை செய்து வருகிறேன். அது ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரத்தைச் சுற்றுகிறது. ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இரவு. இரண்டு நிலாக்கள். வரைபடம், அரச வம்சங்கள், நாணயம் எல்லாம் நோட்டில் எழுதிவிட்டேன். கதை மட்டும் தொடங்க மாட்டேன் என்கிறது. இயற்பியல் படிக்காத எனக்கு இது சரிப்பட்டு வருமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த அசையாத சூரியன். கதை அங்கேதான் இருக்கிறது. நீங்கள் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு வம்சாவளிக்குப் போய்விட்டீர்கள்.

4.2 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள பிராக்சிமா சென்டாரி என்ற சிவப்புக் குள்ள நட்சத்திரத்தை (நம் சூரியனைவிடச் சிறியது, மங்கலானது) ஒரு கோள் சுற்றிவருவதை 2016-இல் அறிவித்தார்கள். அதன் ஓராண்டு நமக்கு 11 நாள் சொச்சம். இவ்வளவு நெருக்கத்தில் சுற்றும் கோளின் சுழற்சியை நட்சத்திரத்தின் ஈர்ப்பு மெல்லத் தளர்த்தி, கடைசியில் ஒரே முகத்தைக் காட்டும்படி பூட்டிவிடும். பிராக்சிமாவின் கோளும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்று கருதுகிறார்கள்.

சரி, அங்கே குடியிருப்பவரை நினைத்துப் பாருங்கள். சூரியன் நகராது, ஆகவே நிழலும் நகராது. சூரியன் அடிவானத்துக்கு மேல் 10 பாகையில் நிற்கும் ஓர் ஊரில் 10 மீட்டர் மதில் எழுப்பினால், சமதரையில் நிழல் ஏறக்குறைய 57 மீட்டர் நீளும். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டினால் காலையில் போன வெயில் மாலையிலாவது வரும். அங்கே போனது போனதுதான். ஒருவன் மதில் எழுப்பிய அன்றே அண்டை வயலுக்குப் பகல் முடிந்துவிடுகிறது. அந்த வயலுக்குச் சொந்தக்காரி யாரிடம் வழக்குச் சொல்வாள்? வெளிச்சத்துக்குப் பட்டா உண்டா? பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டு நிலத்தில் யார் நிழல் விழுகிறது என்று விசாரிப்பார்களா? உங்கள் சட்டமும் நாணயமும் இந்தக் கேள்விகளிலிருந்து முளைக்கட்டும்.

இன்னொன்று. நம் திணை மரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம். உங்கள் கோளில் பொழுது நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிறது, மாலை என்பது நடந்து போய்ச் சேரும் ஓர் ஊர். அங்கே தலைவனுக்காகக் காத்திருப்பவளுக்கு மாலை கழிவதே இல்லை. இதை எண்ணும்போதே எனக்குச் சிலிர்க்கிறது. இதைத் தமிழில் யாராவது எழுத வேண்டும், நீங்களே எழுதுங்கள்.

நிலாக்களை மட்டும் எடுத்துவிடுங்கள். இப்படிப் பூட்டப்பட்ட கோளுக்கு நிலா நெடுங்காலம் நிலைக்காது. கடலில் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் அதே ஓத விசை அதன் பாதையை மெல்லச் சுருக்கிக் கோளை நோக்கி இழுத்துவிடும். நிலா போனால் மாதமும் போகிறது. விடியல் இல்லாததால் நாளும் இல்லை. ஓராண்டு கழிவதைக்கூட, இருள் பக்கத்தில் நட்சத்திரங்கள் இடம் மாறுவதைப் பார்ப்பவர்தான் அறிவார். அப்படியானால் காலக்கணக்கு முழுக்க இருட்டில் வாழ்பவர்கள் கையில். பகல் பக்கத்து மக்கள் தங்கள் வயதை அவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கோளின் ஆண்டும் பிராக்சிமா கோளின் ஆண்டளவே என்றால், நம் கணக்கில் 30 வயதானவரை ஏறக்குறைய 980 ஆண்டு கண்டவர் என்பார்கள்.

இயற்பியல் பட்டம் வேண்டாம். அந்த 57 மீட்டர், பள்ளியில் படித்த முக்கோணவியல்தான். வாசிப்பதென்றால், பள்ளி ஆசிரியராக இருந்த ஹால் கிளெமென்ட் 1953-இல் தொடராக எழுதிய ‘மிஷன் ஆஃப் கிராவிட்டி’ நாவலைப் படியுங்கள். அவருடைய மெஸ்க்ளின் கோள் சுமார் 18 நிமிடத்தில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது. நடுக்கோட்டில் ஈர்ப்பு பூமியைப் போல 3 மடங்கு, துருவத்தில் பல நூறு மடங்கு. கொஞ்சம் உயரத்திலிருந்து விழுந்தாலும் சாவு என்பதால் அங்குள்ள மாலுமிகள் உயரத்துக்கு நடுங்குகிறார்கள், தலைக்கு மேல் எதுவும் இருக்க விடுவதில்லை. ஒரு எண் எப்படி ஓர் இனத்தின் அச்சமாகிறது என்பதைக் கவனித்துப் படியுங்கள்.

அப்புறம் நோட்டைத் திறந்து, அந்தப் பெண் தன் வயலில் மதிலின் நிழலைப் பார்க்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். வழக்கைத் தீர்க்க ஓர் அரசர் தேவைப்பட்டால் உங்கள் வம்சாவளியிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்ளலாம்.