மூன்று பீரங்கி பொறித்திருந்தால் பீரங்கிப் படையா?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகி ஒருவர் கேட்கிறார்: “அலெக்சாண்ட்ராவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவக் கிடங்கில் என் தாத்தா ஸ்டோர் கிராணியாக வேலை பார்த்தார் என்பார்கள். அவர் பெட்டியில் பொன்னிறத் தொப்பிச் சின்னம் ஒன்று கிடைத்தது, எடையே இல்லை. மேலே கிரீடம், சுற்றிலும் எழுத்துள்ள வார், நடுவே கேடயத்தில் மூன்று பீரங்கிகள், மூன்று உருண்டைகள், கீழே லத்தீன் வரி. அவர் பீரங்கிப் படையில் போரிட்டவரா? புளி போட்டுத் துலக்கலாமா?”

முதலில், இது பீரங்கிப் படையின் சின்னம் அன்று. பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் தொப்பிச் சின்னத்தில் சக்கரத்தோடு கூடிய ஒற்றைப் பீரங்கியே இருக்கும். உங்களிடம் இருப்பது, ஆயுதங்களையும் வெடிபொருள்களையும் சீருடை முதலான தளவாடங்களையும் சேமித்து வழங்கிய அரச ராணுவத் தளவாடப் படையின் சின்னம். ஆகவே கிடங்கு வேலை என்ற குடும்பப் பேச்சோடு இது நன்றாகவே பொருந்துகிறது.

அந்தக் கேடயம் படையைவிடப் பழையது. பிரிட்டனின் தரைப்படைக்கும் கடற்படைக்கும் பீரங்கியும் வெடிமருந்தும் வழங்கிவந்து, 1855இல் கலைக்கப்பட்ட தளவாட வாரியத்தின் மரபுச் சின்னம் அது. நீலப் பரப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பொன்னிறப் பீரங்கிகள், மேற்பட்டையில் மூன்று குண்டுகள். அரசு உடைமைகளில் முத்திரையாகக் குத்தப்பட்ட மூன்று கோட்டு அம்புக்குறியும் அந்த வாரியத்தோடு நெருங்கிய தொடர்புடையதுதான். தாத்தாவின் பெட்டியில் பழைய பூட்டோ கருவியோ இருந்தால் அந்தக் குறி உண்டா என்று பாருங்கள்.

‘சுவா தேலா தோனான்தி’ என்ற லத்தீன் வரிக்கு ‘இடி முழக்குபவனுக்கு அவனுடைய ஆயுதங்கள்’ என்பது பொருள். இடி முழக்குபவன் ரோமானியரின் ஜூபிட்டர். இந்திரன் வச்சிராயுதத்தை வீசுவதற்கு முன் ததீசி முனிவர் தம் எலும்பைத் தர வேண்டியிருந்தது என்ற நம் கதையை நினைத்தால் இந்த வரி உடனே விளங்கும். சுடுபவரை அன்றி, சுடுவதற்கு வேண்டியதை எடுத்துக் கொடுக்கும் கையைப் போற்றும் வரி இது. துணைப்படைச் சின்னங்களில் எனக்கு மிகவும் பிடித்த வாசகமும் இதுவே. வாரில் உள்ள எழுத்து பிரிட்டனின் உயரிய கார்ட்டர் விருதுக்குரியது. தீது நினைப்பவருக்கே இழுக்கு என்பது அதன் கருத்து.

காலத்தைக் கிரீடம் சொல்லும். அதன் வளைவுகள் குவிமாடம்போல் உயர்ந்திருந்தால் மன்னர் காலம். உச்சியில் நடுப்பகுதி சற்றுப் பள்ளமாக இருந்தால் 1952இல் அரியணை ஏறிய எலிசபெத்தின் காலம். எடையற்ற பொன்னிறம் என்று நீங்கள் எழுதியிருப்பதால், 1950களில் பித்தளைக்குப் பதிலாக வரத் தொடங்கிய, நிறமேற்றிய அலுமினியமாக அது இருக்கக்கூடும். அப்படியானால் கிரீடம் பெரும்பாலும் இரண்டாம் வகையாகவே இருக்கும். பிரிட்டிஷ் படைகள் 1971இல் சிங்கப்பூரை விட்டுப் பெருமளவு வெளியேறிவிட்டன என்பதால் காலம் இன்னும் சுருங்கும். தளவாடப் படையே 1993இல் வேறு துணைப்படைகளோடு இணைக்கப்பட்டது. ஆனால் அதன் கேடயம் புதிய படையின் சின்னத்திலும் நடுவில் இடம்பெற்றிருக்கிறது.

ஒன்றை மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். தொப்பிச் சின்னம் சிப்பாய்க்குரியது. சிவிலியன் ஊழியரிடம் அது நண்பர் தந்த பரிசாகவும் வந்திருக்கலாம். உள்ளூரில் சேர்க்கப்பட்ட சிப்பாய்களும் இங்கே இருந்தார்கள். படையிலிருந்து விடுவித்த சான்றிதழ், சம்பளப் புத்தகம், படை எண் இவற்றில் ஒன்று கிடைத்தால்தான் அவர் சீருடை அணிந்தவர் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

புளி வேண்டவே வேண்டாம். வீட்டுக் குத்துவிளக்குக்கு ஏற்றது இதற்கு ஆகாது. புளியின் அமிலமும் தேய்ப்பும் சேர்ந்து மெல்லிய பொன்னிறப் படலத்தைக் கெடுத்தால் கீழிருக்கும் வெள்ளை உலோகம் தெரியும், அதை மீட்க வழியில்லை. மென்மையான துணியை லேசாக நனைத்துத் துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றி எடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் வைப்பதற்கு முன் பின்புறத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.