ஊருக்குள் சூடாகாத கார், பைபாஸில் ஏன் கொதிக்கிறது?

கேள்வி: என்னுடையது 2013 மாடல் டீசல் கார். திண்டுக்கல் ஊருக்குள் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாது. சென்னைக்குப் புறப்பட்டால், சமயபுரம் டோல் தாண்டி 100-இல் போகும்போது ஏறத் தொடங்கி, பெரம்பலூருக்குள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. 70-க்குக் குறைத்தால் இறங்கிவிடுகிறது. மெக்கானிக் ஃபேன் மோட்டாரை மாற்றினார். இன்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடாமல் அடைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றியே போட்டுவிட்டார். பலனில்லை. இப்போது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார். ரேடியேட்டரில் தண்ணீர் குறையும்போதெல்லாம் வீட்டு போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். என்ன செய்யலாம்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ஹெட்டில் கைவைக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

ஃபேன் கெட்டிருந்தால் கார் சிக்னலில் நிற்கும்போது சூடாகி, பைபாஸ் ஏறியதும் ஆறியிருக்கும். உங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது. 100-இல் போகும்போது எதிர்க்காற்றே ஃபேன் வேலையைப் பார்த்துவிடும். தெர்மோஸ்டாட் இல்லாமலும் சூடாகிறது என்றால் அதன் மீதும் குற்றமில்லை. புதிதாக ஒன்று வாங்கித் திரும்பப் போடுங்கள். அது இல்லாவிட்டால் ஊருக்குள் இன்ஜின் போதிய சூட்டுக்கே வராது, மைலேஜ் குறையும். பல இன்ஜின்களில் உள்ளே இருக்கும் குறுக்கு வழி திறந்தே கிடந்து, ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும்.

என் சந்தேகமெல்லாம் அந்த போர் தண்ணீர் மேல்தான். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். இதே புகாரோடு என் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. அதற்குள் இரண்டு இடங்களில் செலவு செய்திருந்தார்கள். ரேடியேட்டரை அறுத்துப் பார்த்தால், கீழ்ப்பாதிக் குழாய்களில் சுண்ணாம்பு பூசியது போல அடைப்பு. ஊருக்குள் மீதிப் பாதியே போதும். 100-இல், ஏ.சி.யும் ஓடும்போது இன்ஜின் தள்ளும் சூட்டுக்கு அது போதாது.

முதலில் டார்ச் அடித்து, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பாருங்கள். முன்னால் சுத்தமாகத் தெரியும். இடுக்கில் தூசியும் பூச்சியும் கம்பளி போல அடைந்திருக்கும். அப்படியிருந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் வேகத்தில் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். அப்புறம், ஓட்டிச் சூடேறியதும் இன்ஜினை நிறுத்திவிட்டு, தொடாமலே சூட்டை அளக்கும் தெர்மல் கன்னால் ரேடியேட்டர் முழுவதும் அளக்கச் சொல்லுங்கள். இடையிடையே குளிர்ந்த பட்டைகள் தெரிந்தால் அங்கெல்லாம் அடைப்பு. இவ்வளவு வருட அடைப்பு என்றால் புது ரேடியேட்டர்தான் சரி.

ரேடியேட்டர் நன்றாக இருந்தால், இன்ஜினை 3000 ஆர்.பி.எம். வரை ஏற்றி, ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கவனியுங்கள். பம்ப் உறிஞ்சும் வேகத்தில் அது ஒட்டிப்போனால் ஹோஸை மாற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் வாட்டர் பம்பின் இறக்கை அரித்திருக்கலாம்.

தண்ணீர் குறைகிறது என்கிறீர்கள். ரேடியேட்டர் மூடியை இப்போதே மாற்றிவிடுங்கள். மூடி தரும் அழுத்தத்தில், பாதிக்குப் பாதி கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் 120 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். அழுத்தம் போனால் வெறும் தண்ணீர் 100-லேயே கொதித்து வெளியேறும். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் தொடாதீர்கள். எங்கள் பட்டறைப் பையன் ஒருவனுக்கு முழங்கை வரை தோல் உரிந்ததை நான் கண்ணால் பார்த்தவன்.

ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தால், காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகும், ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழி வரும், ஆயில் பால் கலந்த காபி போல மாறும். இதில் ஒன்றுகூட நீங்கள் எழுதவில்லை. ஆனால் சிவப்புக் கோட்டிலேயே தொடர்ந்து ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து, மெக்கானிக் சொன்னது உண்மையாகிவிடும். வழியில் முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாக வைத்து ஓரம்கட்டுங்கள்.

தெர்மல் கன்னில் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு காட்டியது என்று அவசியம் எழுதுங்கள்.