கிட்லேப்பா, ஃபோர்ஜெயோவா? சொந்தச் சர்வர் கேள்வி பதில்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சொந்தமாக கோட் களஞ்சியச் சர்வர் போட நினைக்கும் நம்மவர்களின் கேள்விகள் இவை. 'கிட்' என்பது கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி. அந்தக் களஞ்சியங்களைச் சர்வரில் வைத்து வலைப்பக்கமாகக் காட்டும் மென்பொருள்கள்தான் கிட்லேப், கிட்டியா, ஃபோர்ஜெயோ. நான் பாயான் லெப்பாஸில் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

செந்தூல், நால்வர் கொண்ட சிறு நிறுவனம்: அக்கா, வாடிக்கையாளர் ஒருவர் தன் கோட் வெளியார் சர்வரில் இருக்கக் கூடாது என்கிறார். 2 ஜிபி மெமரி உள்ள உபுண்டு சர்வரில் கிட்லேப் போட்டோம். நிறுவல் ஒழுங்காக முடிந்தது, ஆனால் பக்கத்தைத் திறந்தால் 502 பிழைதான் (பின்னால் இருக்கும் நிரல் பதில் சொல்லவில்லை என்று பொருளாம்). என்ன செய்ய?

தம்பி, முதலில் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அமைப்புகளைச் செயல்படுத்தும் 'ரீகான்ஃபிகர்' கட்டளை முடிந்ததும் கிட்லேப் உடனே எழுந்துவிடாது. அதுவரை 502 வருவது வழக்கம்தான். அதற்குப் பிறகும் வந்தால் மெமரியைச் சந்தேகப்படுங்கள். ஒரே பேக்கேஜாக இறங்கினாலும் கிட்லேப்புக்குள் போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், பூமா, சைட்கிக், கிட்டாலி, என்ஜின்எக்ஸ், புரோமீத்தியஸ் என்று ஒரு கூட்டுக் குடும்பமே குடியிருக்கிறது. மெமரி தீர்ந்ததும் லினக்ஸின் மையமான கெர்னல் தானே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலைக் கொன்றுவிடும். பக்கங்களைத் தயாரிக்கும் பூமா செத்துப்போனால், வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் வாங்கி அனுப்பும் கோரிக்கைக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. அதுதான் நீங்கள் பார்க்கும் 502. கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' (dmesg) கட்டளையில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரி இருக்கிறதா பாருங்கள்.

இதே சர்வரில்தான் ஓட்ட வேண்டுமென்றால் ஸ்வாப் (மெமரி போதாதபோது உதவும் வட்டு இடம்) சேருங்கள். அப்புறம் 'கிட்லேப்.ஆர்பி' கோப்பில் பூமாவின் வொர்க்கர் எண்ணிக்கையை 0, பின்னணி வேலைகளைச் செய்யும் சைட்கிக்கின் கன்கரன்ஸியை (ஒரே நேரத்து வேலைகள்) 10 என்று வைத்து, புரோமீத்தியஸ் கண்காணிப்பை அணைத்துவிட்டு மறுபடி ரீகான்ஃபிகர் செய்யுங்கள். ஓடும், ஆனால் மெதுவாக.

என் அபிப்பிராயம் கேட்டால், நாலு பேருக்குக் கிட்லேப் வேண்டாம். ஃபோர்ஜெயோவோ கிட்டியாவோ போதும். 'கோ' என்ற நிரல்மொழியில் எழுதிய ஒற்றை பைனரி (அப்படியே ஓடும் ஒரே கோப்பு), 1 ஜிபி சர்வரிலேயே சௌகரியமாக ஓடும். பெரிய மென்பொருளை நிறுவுவது யாருக்கும் முடியும். இரண்டு வருடம் கழித்தும் அதை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்பதை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

பினாங்கு, பல்கலைக்கழக மாணவி: கிட்டியாவும் ஃபோர்ஜெயோவும் பார்க்க ஒன்றாகவே இருக்கின்றனவே, எதை எடுப்பது?

இரண்டும் ஒரே வம்சம். கோக்ஸ் என்ற பழைய மென்பொருளிலிருந்து 2016இல் கிட்டியா பிரிந்தது. கிட்டியாவின் பெயரும் டொமைனும் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனதை 2022இல் பலர் ஏற்கவில்லை, அந்த டிசம்பரில் ஃபோர்ஜெயோ பிறந்தது. பெர்லினில் உள்ள கோட்பெர்க் என்ற லாபநோக்கற்ற சங்கம் அதற்குப் பின்னால் நிற்கிறது. 2024 தொடக்கத்தில் ஃபோர்ஜெயோ முழுவதுமாகத் தனிப்பாதையில் போய்விட்டது. கிட்டியா 1.22க்குப் பிந்தைய பதிப்பிலிருந்து அதற்கு நேரடியாக மாற வழி இல்லை. அதனால் இப்போதே யோசித்து எடுங்கள் தங்கச்சி. நான் புதிதாகப் போடும் இடங்களில் ஃபோர்ஜெயோதான் போடுகிறேன். சமூகத்தின் கையில் இருக்கும் மென்பொருள்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

பலர் கேட்டது: ஃபோர்ஜெயோவை நிறுவும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பைனரியை இறக்கி அதன் கையொப்பத்தைச் சரிபார்ப்பது, 'கிட்' என்ற பெயரில் தனிப் பயனரை உருவாக்குவது, அதைத் தானாகத் தொடங்கவைக்கும் சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பு வைப்பது எல்லாம் ஆவணத்தில் வரிசையாக இருக்கிறது. அப்படியே செய்தால் சிக்கல் வராது. பலர் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில்.

சர்வீஸைத் தொடங்கியதும் 3000 போர்ட்டில் நிறுவல் பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்துக்குக் கடவுச்சொல் கிடையாது. யார் முதலில் பார்த்தாலும் நிரப்பலாம், முதலில் பதிவு செய்பவரே நிர்வாகி. பொது ஐபி (இணையத்தில் நேரடியாக எட்டக்கூடிய முகவரி) உள்ள சர்வரில், போர்ட் எனும் வாசல்களைத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகச் சுற்றுகின்றன. ஆகவே சர்வீஸைத் தொடங்கும் முன்பே ஃபயர்வாலில் 3000ஐ மூடிவிடுங்கள். உங்கள் லேப்டாப்பிலிருந்து சர்வருக்கு எஸ்எஸ்எச் டனல் (மறையாக்கிய தனிப்பாதை) போட்டு, லோக்கல்ஹோஸ்ட் 3000 வழியாக அந்தப் பக்கத்தைத் திறந்து நிரப்புங்கள்.

நிரப்பியதும் 'ஆப்.ஐஎன்ஐ' கோப்பு எழுதப்படும். அதற்காகவே கான்ஃபிக் கோப்புறைக்கு 770 அனுமதி (யார் படிக்கலாம், எழுதலாம் என்று சொல்லும் லினக்ஸ் எண்) கொடுத்திருப்பீர்கள். வேலை முடிந்ததும் கோப்புறையை 750, கோப்பை 640 என்று இறுக்குங்கள். டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் ரகசியச் சாவிகளும் அதற்குள்தான் இருக்கின்றன. அதே கோப்பில், புதியவர்கள் பதிவு செய்வதைத் தடுக்கும் 'டிசேபிள் ரெஜிஸ்ட்ரேஷன்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். திறந்து விட்டால் விளம்பரக் கணக்குகள் வந்து குவிந்துவிடும். டேட்டாபேஸைப் பொறுத்தவரை சிறு குழுவுக்கு, ஒரே கோப்பில் அடங்கும் எஸ்க்யூலைட்டே போதும்.

பட்டர்வொர்த்: வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினியில் போடலாமா அண்ணி? எச்டிடிபிஎஸ் கிடைக்குமா?

தாராளமாகப் போடலாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு எச்டிடிபிஎஸ்ஸுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும், ஆனால் வழக்கமான சரிபார்ப்புக்கு 80 போர்ட் வெளியிலிருந்து எட்ட வேண்டும். உங்கள் இணைப்புக்குப் பொது ஐபி இல்லையென்றால் ரௌட்டரில் என்ன மாற்றினாலும் அது நடக்காது. அப்போது உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதிவு வழிச் சரிபார்ப்புதான் கை கொடுக்கும். நீங்கள் ரெண்டு மூன்று பேர்தான் என்றால் வயர்கார்ட் விபிஎன் (உங்களுக்கு மட்டுமான தனி வலைப்பின்னல்) போட்டு அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். உலகத்துக்குத் திறக்கவே வேண்டாம்.

நம்மூர் சாயங்கால இடியை மறக்காதீர்கள். நல்ல யூபிஎஸ் ஒன்று கண்டிப்பாக வேண்டும், நெட்வொர்க் கேபிளும் அதன் பாதுகாப்பு வழியாகவே போகட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: சின்னச் சின்ன கமிட் (கிட்டில் பதிந்த மாற்றம்) எல்லாம் போகிறது. படங்கள் உள்ள ரெப்போவை (களஞ்சியம்) எச்டிடிபிஎஸ் வழியாகப் புஷ் செய்தால், அதாவது சர்வருக்கு அனுப்பினால், 413 பிழை.

முன்னால் என்ஜின்எக்ஸ் வைத்திருக்கிறீர்கள், இல்லையா? ஒரு முறை அனுப்பக்கூடிய அளவுக்கு வரம்பு வைக்கும் 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்', அதில் ஒன்றும் சொல்லாவிட்டால் 1 எம்பிதான். 512 எம்பி என்று வைத்து ரீலோட் செய்யுங்கள், சரியாகிவிடும்.

ஜார்ஜ்டவுன்: பேக்கப் எப்படி எடுப்பது அக்கா? தினமும் ஒரு ஸ்கிரிப்ட் ஓடுகிறது, அது போதுமா?

அந்தப் பேக்கப்பிலிருந்து ஒருமுறையாவது மீட்டுப் பார்த்தீர்களா? இல்லையென்றால் போதாது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்துக்கே நடந்ததைச் சொல்கிறேன். துணை டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க வேண்டியதை ஒரு பொறியாளர் முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்பைத் தேடினால், வைத்திருந்த வழிகள் ஒவ்வொன்றாகக் கை விரித்தன. டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸின் பதிப்பு பொருந்தாமல் தினசரி டம்ப் (முழுப் பிரதி எடுப்பது) தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாரிடமும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நகல்)தான் காப்பாற்றியது. கிட் ரெப்போக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆறு மணி நேரத்துக் கருத்துகள், இஷ்யூக்கள் (பிழை, பணிக் குறிப்புகள்), புதிய கணக்குகள் போயே போய்விட்டன. அவர்கள் இதை மறைக்காமல் முழுதாக எழுதி வெளியிட்டார்கள், அந்த நேர்மையால்தான் நாம் இன்று பாடம் படிக்கிறோம்.

கிட்லேப் வைத்திருந்தால், அதன் பேக்கப் கட்டளை 'கிட்லேப்.ஆர்பி', 'கிட்லேப்-சீக்ரெட்ஸ்.ஜேசன்' ஆகிய இரு கோப்புகளையும் எடுக்காது. இரண்டாவது தொலைந்தால் இருகட்ட உள்நுழைவும், சிஐ எனும் தானியங்கிச் சோதனைகளுக்குக் கொடுத்த ரகசியங்களும் திறக்க முடியாமல் போகும். இரண்டையும் தனியாக எடுத்து வையுங்கள். மீட்கும்போது கிட்லேப் அதே பதிப்பாகவும் இருக்க வேண்டும்.

ஃபோர்ஜெயோவில் 'டம்ப்' கட்டளை எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகத் தரும், ஆனால் மீட்கக் கட்டளை கிடையாது. அவிழ்த்து அந்தந்த இடத்தில் நாமே வைக்க வேண்டும். அதனால்தான் ஒத்திகை அவசியம். ஒரு காலி விர்ச்சுவல் மெஷினில் மீட்டு, ஒரு புஷ் செய்து பாருங்கள். புஷ் தோற்றால், ரெப்போவின் ஹுக்குகள் (புஷ் வரும்போது தானாக ஓடும் சிறு நிரல்கள்) பழைய பாதையையே பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் 'அட்மின் ரீஜெனரேட் ஹுக்ஸ்' கட்டளையை ஓட்டினால் தீரும். ஒரு பிரதி ஜார்ஜ்டவுனில் இருந்தால் இன்னொன்று கோலாலம்பூரில் இருக்கட்டும்.

சைபர்ஜெயா: நன்றாக ஓடுவதை ஏன் அப்டேட் செய்ய வேண்டும்?

2024 ஜனவரியில் கிட்லேப்பில் வெளிவந்த ஓட்டை ஒன்று போதும் காரணம் சொல்ல. கடவுச்சொல் மாற்றும் இணைப்பை வேறொருவரின் மின்னஞ்சலுக்கும் வரவைக்க முடிந்தது. தீவிர மதிப்பெண் பத்துக்குப் பத்து. இருகட்ட உள்நுழைவு வைத்திருந்தவர்களின் கணக்கு மட்டும் கைமாறாமல் தப்பியது. அப்டேட்டைத் தள்ளிப்போட்டால் இன்னொரு கஷ்டமும் உண்டு: கிட்லேப்பில் பழைய பதிப்பிலிருந்து ஒரே தாவலாகப் புதியதற்குப் போக முடியாது, குறிப்பிட்ட இடைப்பதிப்புகளில் நின்று நின்றுதான் போக வேண்டும்.

பிறை, தமிழ்ப்பள்ளி ஆசிரியை: பிள்ளைகள் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கிறார்கள். என்ன மாறியது என்று பார்க்க 'கிட் ஸ்டேட்டஸ்' போட்டால் பெயருக்குப் பதில் எண்களாக வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை டீச்சர். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். கிட் அந்தப் பைட்டுகளை எட்டடிமான எண்களாகக் காட்டுகிறது, 'அ' என்பது 340, 256, 205 என்று வரும். ஒவ்வொரு கணினியிலும் கிட் கான்ஃபிக்கில் 'கோர்.குவோட்பாத்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கிவிடுங்கள், பெயர் அழகாகத் தமிழிலேயே வரும். 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் இருபுறமும் வரும் குறியை ஒரே குறியீடாகவும், இரண்டாகப் பிரித்தும் சேமிக்க முடியும். பிள்ளைகளில் சிலர் மேக், சிலர் விண்டோஸ் பயன்படுத்தினால், பார்க்க ஒன்றுபோல இருக்கும் பெயரில் இரண்டு கோப்புகள் தோன்றலாம். மேக்கில், பிரிந்த குறியை ஒன்றாக்கும் 'கோர்.பிரீகம்போஸ்யூனிகோட்' என்பது 'ட்ரூ' என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயரைத் தமிழிலேயே வைக்கச் சொல்லுங்கள், ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டாம்.