பத்தாம் வசனமும் பதினைந்தாம் வசனமும்

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். உங்கள் எழுத்துகளை ரொம்ப நாளாக வாசிக்கிறேன். இப்போதுதான் எழுதத் தோன்றியது.

எங்கள் வீடு நாகர்கோவில் பக்கம். சின்ன வயதிலிருந்தே ராத்திரி குடும்ப ஜெபத்தில் 91ஆம் சங்கீதத்தை எல்லாரும் சேர்ந்து பார்க்காமல் சொல்வோம். நிலைக்கதவுக்கு மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரும் அதே சங்கீதம்தான். "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்ற இடம் வரும்போது அம்மா குரல் மட்டும் தனியாக உயரும். 2021 மே மாதம் அம்மா கொரோனாவில் போய்விட்டார்கள். தடுப்பூசி வந்திருந்தது. "ஊசி போடுகிறவனுக்கு வசனத்தில் நம்பிக்கை இல்லை" என்று ஜெபக்கூட்டத்துக்கு வரும் ஒருவர் சொன்னதைக் கேட்டு அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். அடக்கம் முடிந்த பிறகு அதே ஆள் வீட்டுக்கு வந்து, "இந்த வீட்டில் யாருக்கோ விசுவாசக் குறைவு, அதுதான்" என்றார்.

நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் 91ஐ எடுத்தால் எரிச்சல்தான் வருகிறது. எனக்கு நாலு வயதில் மகள் இருக்கிறாள். அவளுக்கு லேசாக உடம்பு சுட்டாலே எனக்குத் தூக்கம் போய்விடும். அம்மாவுக்கு வாங்கிய ஆக்ஸிமீட்டர் இன்னும் என் தலையணைப் பக்கத்தில் கிடக்கிறது. அவள் தூங்கும்போது விரலில் மாட்டிப் பார்க்கிறேன். கர்த்தரை நம்பினால் சமாதானம், பாதுகாப்பு என்கிறார்களே, அது என்ன? சங்கீதம் பொய்யா, இல்லை அம்மாவின் விசுவாசம் போதவில்லையா? அதை மகளுக்கு மனப்பாடம் செய்து வைக்க வேண்டும் என்கிறாள் என் மனைவி. எனக்கு வாய் வரவில்லை.

ம.

*

அன்புள்ள தம்பி,

"விசுவாசக் குறைவு" என்று சொல்லிவிட்டுப் போனாரே, அவரை முதலில் பார்த்துவிடுவோம். அந்தப் பேச்சுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இயேசுவின் சீடனும் யோவானின் சகோதரனுமான யாக்கோபை ஏரோது ராஜா வாளால் கொல்கிறான். அந்தச் சாவுக்கு ஒரே ஒரு வசனம்தான். அடுத்து இன்னொரு சீடரான பேதுருவைப் பிடித்து, நான்கு நான்கு பேராக 16 சேவகரைக் காவல் போடுகிறான். பஸ்கா பண்டிகை கழிந்ததும் ஜனங்கள் முன்னால் கொண்டுவருவது திட்டம். சபை ஊக்கமாக ஜெபிக்கிறது. தூதன் வருகிறான், சங்கிலிகள் கழன்று விழுகின்றன, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. பேதுரு நேராக மாற்கு என்னும் வேறொரு யோவானின் தாய் மரியாள் வீட்டுக்கு வந்து தட்டுகிறார். ரோதை என்ற பெண் குரலைக் கேட்டு ஆள் இன்னாரென்று கண்டுபிடித்து, சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடிச் சொல்கிறாள். யாருக்காகக் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்களோ அவர் வாசலில் நிற்கிறார். உள்ளே இருந்தவர்கள் சொன்ன பதில்: "நீ பிதற்றுகிறாய்." பேதுரு தட்டிக்கொண்டே நிற்கிறார். வேதத்தில் எனக்குச் சிரிப்பு வருகிற இடங்களில் இது ஒன்று.

இந்தச் சபையின் விசுவாசத்தை எத்தனை மார்க் போட்டு அளப்பது? பதில் வாசலில் நின்று தட்டும்போதும் நம்பாத ஜனங்கள் இவர்கள். இவர்களுக்குப் பேதுரு திரும்பக் கிடைத்தார். யாக்கோபு கிடைக்கவில்லை. மறுரூப மலைக்கு இயேசு கூட்டிக்கொண்டு போன மூவரில் ஒருவர் அந்த யாக்கோபு. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா எழுதவில்லை. ஒருவர் ஏன் செத்தார், மற்றவர் ஏன் பிழைத்தார் என்பதற்கு அந்த அதிகாரத்தில் அரை வரி விளக்கம்கூடக் கிடையாது. லூக்காவே வாய் திறக்காத விஷயத்தைச் சாவு வீட்டில் வந்து சொல்ல அந்த மனிதருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? எல்லாவற்றையும் இழந்து கிடந்த யோபிடம், உன் பாவம்தான் காரணம் என்று வாதாடிய அவன் சிநேகிதர்கள் செய்ததும் இதுதான். முடிவில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது அவர்கள்மேல், யோபின்மேல் அல்ல.

உங்கள் அம்மாவுக்கு விசுவாசம் குறையவில்லை. அவர்களுக்குத் தப்பான ஆலோசனை கொடுக்கப்பட்டது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இனி சங்கீதம். அதை வீட்டுக்குக் காவலாக ஒட்டி வைப்பது நம் ஊரில் மட்டும் உள்ள வழக்கம் என்று நினைக்க வேண்டாம். பழைய எகிப்தில் கிறிஸ்தவர்கள் இதன் முதல் வரிகளைப் பப்பிரஸ் துண்டில் எழுதித் தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள். அப்படிப்பட்டவை நிறையவே கிடைத்திருக்கின்றன. அதற்கும் முந்திய காலத்துச் சுருள் ஒன்று சவக்கடல் பக்கம் கும்ரான் குகையில் கிடைத்தது. அதில் பிசாசுகளை விரட்டும் பாட்டுகளோடு சேர்த்து இந்தச் சங்கீதத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். பயந்த மனிதன் கைக்கு எட்டிய நல்ல வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறான். கேலி செய்ய இதில் ஒன்றும் இல்லை.

ஆனால் இதே சங்கீதத்தை எப்படித் தப்பாக எடுக்கலாம் என்பதையும் வேதமே காட்டிவிட்டது. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும் என்கிறான். அதற்கு அவன் எடுத்துவிடுகிற வசனம் 91தான்: தூதர்கள் கைகளில் ஏந்திக்கொள்வார்களாம். அவன் சொல்கிறபோது "உன் வழிகளிலெல்லாம்" என்ற வார்த்தை காணாமல் போயிருக்கிறது. சங்கீதத்தில் அடுத்த வசனம் வலுசர்ப்பத்தை மிதித்துப்போடுவதைப் பற்றியது. அதையும் அவன் தொடவில்லை, ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. இயேசு சங்கீதத்தைப் பொய் என்று சொல்லவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று உபாகமத்திலிருந்து பதில் சொல்லிவிட்டுக் குதிக்காமல் நின்றார். ஊசி வேண்டாம், வசனம் போதும் என்றவர் உங்கள் அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் அந்த உப்பரிகைதான். கடுமையாகத் தோன்றினால் தோன்றட்டும்.

இந்தச் சண்டை பழையது. 1527 ஆகஸ்டில் ஜெர்மனியில் விட்டன்பர்க் ஊருக்குள் கொள்ளைநோய் வந்தது. பல்கலைக்கழகத்தை யேனாவுக்கு மாற்றினார்கள். அங்கே இருந்த, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரையும் கிளம்பச் சொல்லி இளவரசரிடமிருந்து உத்தரவு வந்தது. அவர் போகவில்லை. மனைவி காத்தரீனா கர்ப்பமாக இருந்த நேரத்திலேயே வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார்கள். கொள்ளைநோய்க்குக் கிறிஸ்தவன் ஓடலாமா என்று பிரெஸ்லாவ் நகரத்துப் போதகர்கள் கேட்டிருந்தார்கள். அவர் எழுதிய பதில் அந்த வருடமே அச்சாகிவிட்டது. போதகர், அதிகாரி, பிள்ளையைப் பெற்றவர்கள், வேறு துணையில்லாத நோயாளிக்கு அண்டை வீட்டுக்காரர், இவர்கள் விட்டு ஓடக்கூடாது என்கிறார். பொறுப்பு எதுவும் இல்லாதவன் போனால் பாவமில்லை. அதோடு விடவில்லை. கடவுள் நினைத்தால் மருந்தில்லாமலே காப்பார் என்று மருந்தை ஒதுக்கிவிட்டு, நோய் கண்ட இடங்களில் வீம்புக்குப் புழங்குகிறவர்களை விளாசுகிறார். அது கடவுளை நம்புவது ஆகாது, பரீட்சை பார்ப்பதுதான். மருந்தைப் படைத்தவரும் புத்தியைக் கொடுத்தவரும் அவர்தானே என்பது அவர் வாதம். வீட்டுக்குப் புகை போடுவேன், மருந்து கொடுப்பேன், நானும் சாப்பிடுவேன், அவசியமில்லாத இடத்துக்குப் போகமாட்டேன், ஆனால் அயலானுக்கு நான் தேவை என்றால் தயங்கமாட்டேன் என்று தன்னைப் பற்றி எழுதுகிறார். 2020ல் இந்தப் பகுதி உலகமெல்லாம் சுற்றி வந்தது.

அவ்வளவாகச் சுற்றி வராத பகுதி ஒன்று உண்டு. அந்த டிசம்பரில் பிறந்த மகள் எலிசபெத் அடுத்த ஆகஸ்டில், எட்டு மாதம் நிறையுமுன், இறந்துபோனாள். பிள்ளைக்காகத் தகப்பன் மனம் இவ்வளவு இளகும் என்று முன்பு நான் நம்பியிருக்கவே மாட்டேன் என்று நண்பர் ஒருவருக்கு எழுதினார் லூத்தர். மருந்தையும் ஒதுக்காமல், பொறுப்பையும் விடாமல் இருந்த மனிதனின் வீட்டிலும் சாவு நுழைந்தது. ஆகவே, ஊசி போட்டிருந்தால் அம்மா நிச்சயம் பிழைத்திருப்பார்கள் என்ற கணக்கையும் ராத்திரி ராத்திரி போட்டுப் பார்க்காதீர்கள். வாய்ப்பு கூடியிருக்கும். அதற்குமேல் யாராலும் சொல்ல முடியாது.

அப்படியானால் பாதுகாப்பு எங்கே என்று கேட்பீர்கள். அம்மா குரல் உயர்த்திச் சொன்ன அந்தப் பத்தாம் வசனத்தில் நின்றுவிடாமல் பதினைந்துக்கு வாருங்கள். அதுவரை பாடகர் பேசிக்கொண்டிருந்தார், கடைசி மூன்று வசனங்களில் கர்த்தர் பேசுகிறார். "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்கிறார். ஆபத்தே வராது என்றால் இந்த வரிக்கு அங்கே வேலை இல்லை. பத்தாம் வசனத்தை, தப்பி வந்த ஒருவன் நன்றி பொங்கப் பாடியதாகவே நான் வாசிக்கிறேன். எல்லார் வீட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் எழுதிக் கொடுத்த பத்திரமாக அதை வாசிக்க எனக்கு முடியவில்லை.

பேதுருவிடம் திரும்பிப் போகிறேன். விடிந்தால் சாவு. இரண்டு சங்கிலி, இரண்டு சேவகர், நடுவில் அவர் தூங்குகிறார். தூதன் விலாவில் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது என்றால் எப்படிப்பட்ட தூக்கம் பாருங்கள். தப்பிவிடுவோம் என்ற தைரியத்தில் தூங்கினார் என்று சொல்ல வழியில்லை. யாக்கோபு போய்ச் சேர்ந்திருந்தார். தூதன் பின்னால் நடந்து வெளியே வரும்போதும் ஏதோ தரிசனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல், யார் கையில் இருக்கிறோம் என்று மட்டும் தெரிந்தவனின் தூக்கம் அது. சமாதானம் என்று நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். இயேசு "என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்" என்று சொன்னதும் பிடிபடப்போகிற ராத்திரியில்தான். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு, ஆனாலும் திடன்கொள்ளுங்கள்" என்றதும் அதே ராத்திரி. டிசம்பர் 31 ஆராதனையில் கூடையில் வைத்துக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் இந்த வசனத்தின் முன்பாதியை நான் கண்டதில்லை. பின்பாதி மட்டும் பூப்படத்தோடு வரும்.

திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் குழந்தைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார். 1951ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையும் அறையுமாகவே இருந்தார். அவருக்காக ஜெபிக்க ஆளில்லையா? படுத்துக்கொண்டே எழுதினார், கடிதம் போட்டார், பிள்ளைகளைக் கவனித்தார். எழுந்து நடக்கவில்லை.

எல்லாருக்கும் பேதுருவைப் போலத் தூக்கம் வாய்த்துவிடாது. பிடிபடுமுன் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவுக்கே தூக்கம் இல்லை. மரணத்துக்கேதுவான துக்கம் என்று வாய்விட்டுச் சொல்லி, என்னோடு விழித்திருங்கள் என்று சிநேகிதர்களைக் கேட்டார். நடு ராத்திரியில் ஆக்ஸிமீட்டரோடு உட்கார்ந்திருக்கிற உங்களை அவிசுவாசி என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் நீங்களும் அவரைப் போல ஒருவரைக் கூப்பிடுங்கள். மனைவியை எழுப்புங்கள், திட்டினால் திட்டட்டும். இப்படியே தூக்கம் கெட்டுக்கொண்டிருந்தால் மனநல டாக்டர் ஒருவரைப் பாருங்கள். ஊசிக்கு அம்மாவிடம் சொன்ன அதே நியாயத்தை இதற்கும் யாராவது கொண்டுவருவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

91 எரிச்சல் தந்தால் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். 13ஐ எடுங்கள்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்." அதுவும் பத்தாவிட்டால் 88 இருக்கிறது. கடைசி வசனம் வரை வெளிச்சமே வராத சங்கீதம் அது. அதையும் சேர்த்துத்தான் வேதமாகக் கட்டி நம் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

மகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா என்றால், கொடுங்கள், பதினாறு வசனத்தையும் முழுசாக. மனைவி சொல்லிக் கொடுக்கட்டும், உங்களுக்கு வாய் வரும்வரை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். "அப்போ பாட்டிக்கு மட்டும் ஏன்?" என்று அவள் ஒருநாள் கேட்பாள். காரணம் எதையும் கண்டுபிடித்துச் சொல்லாதீர்கள், தெரியாது என்று சொல்லுங்கள். அப்புறம், ஐந்து வயதுக்குமேல் பிள்ளைகளுக்கு வழக்கமாகப் போடும் தடுப்பூசிகளில் ஒரு பூஸ்டர் உண்டு. தேதியைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா