பவுத்திரத்துக்கு கேமரா, லேசர் என்கிறார்களே, வெட்டாமலே சரியாகுமா?

நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் இதைக் கேட்டிருப்பீர்கள். நானும் ஒன்றரை வருஷம் அப்படி உட்கார்ந்தவன். டாக்டர் இல்லை, பட்டவன். ‘ஆளுக்கு ஆள் மாறும்’ என்று திருத்த வருகிறவர்களுக்கு முன்கூட்டியே: ஆமாம், மாறும்.

வீடு தண்டையார்பேட்டை, வேலை பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில். ஆரம்பத்தில் ஆசனவாய் ஓரத்தில் வெறும் கட்டிதான். ஒரு நாள் பைக்கில் வரும்போது அதுவே உடைந்தது. அப்பாடா, விட்டது என்று நினைத்தேன். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வீங்கும், சீழ் வடியும், வலி போய்விடும். வீட்டில் தெரியக்கூடாதென்று என் ஜட்டியை நானே துவைக்க ஆரம்பித்தேன். “இன்னாங்க, திடீர்னு பொறுப்பு?” என்று மனைவி சிரித்தாள். டீக்கடை நண்பனோ, “இன்னாபா, தெனம் நின்னுக்கினே குடிக்கிற?” என்றான்.

‘ஆபரேஷன் இல்லாமல் மூலம், பவுத்திரம் குணமாகும்’ என்று சுவரில் எழுதியிருந்த இடத்தில் மூன்று மாதம் பொடியும் களிம்பும். அப்புறம் ஒரு தனியார் மருத்துவமனையில் லேசர் பேக்கேஜ். மறுநாளே வீடு. அவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. நாலாவது மாதம் அதே ஈரம்.

இரண்டாவதாகப் பார்த்த சர்ஜன் அம்மாதான், “வழி எங்கே போகுதுன்னு தெரியாம எந்த மெஷின வச்சி என்ன பண்றது தம்பி?” என்று எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்தார். ஆசனவாய்க்குள் இருக்கும் சின்னச் சுரப்பியில் சீழ் கட்டி, அது தோல் வரைக்கும் குடைந்துகொண்டு வரும் சுரங்கம்தான் பவுத்திரம். நம் கண்ணில் படுவது வெளித்துவாரம். ஊற்று உள்துவாரத்தில். என்னுடையது மலத்தை அடக்கும் தசையைத் துளைத்துக்கொண்டு போனதோடு, நடுவில் ஒரு கிளையும் விட்டிருந்தது. முதல் லேசர் அந்தக் கிளைப் பக்கமே போகவில்லை.

கேமரா, லேசர், தசைகளுக்கு நடுவே சுரங்கத்தைக் கட்டி அறுக்கும் ‘லிஃப்ட்’ எல்லாமே அந்தத் தசையைக் காப்பாற்றத்தான். தசை அதிகமாக வெட்டுப்பட்டால் அடக்க முடியாமல் போகும். ஆனால் சுரங்கம் மேலாக, நேராக இருந்தால் பழைய மாதிரி வெட்டித் திறந்துவிடுவதே நல்லது. 90 சதவீதத்துக்கு மேல் ஆறிவிடும். தசையைத் தொடாத முறைகளில் திரும்ப வரும் வாய்ப்பு, திறந்துவிடுவதைவிட அதிகம். எனவே ‘வெட்டவே மாட்டோம்’ என்பதில் மயங்காதீர்கள்.

எனக்குச் செய்தது ‘வாஃப்ட்’ என்கிற கேமரா முறை. இத்தாலி சர்ஜன் மெய்னெரோ 2011-இல் எழுதி வெளியிட்டது. முதுகில் ஊசி போட்டு, வெளித்துவாரம் வழியாக ஒல்லியான கேமராக் குழாயை விட்டு, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே போகிறார்கள். பிறகு சர்ஜன் அம்மா வீடியோவைக் காட்டினார். கசங்கிய சிவப்புச் சுவர், நூல் நூலாக மிதக்கும் அழுக்கு, ஓர் இடத்தில் பக்கவாட்டில் இருட்டாக ஒரு சந்து. அதுதான் அந்தக் கிளை. குழாயின் வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே உள்துவாரம். சுவரை மின்சாரத்தால் கருக்கி, பிரஷ்ஷால் சுரண்டி, உள்துவாரத்தைத் தைத்து மூடினார்கள். சுரண்டியதை டிபி இருக்கிறதா என்று பார்க்கவும் அனுப்பினார்கள். இல்லை என்று வந்தது.

வெளிப்புண் ஆற ஆறு வாரம். தினமும் மூன்று தடவை வெந்நீர் டப், ராத்திரி இசப்கோல். இப்போது இரண்டு வருஷம் ஆகிறது, ஈரம் இல்லை.

பைக் ஓட்டித்தான் வந்தது என்றார்கள் சொந்தக்காரர்கள். இல்லை. ஆனால் டி.எச். ரோட்டில் தையலோடு போனவனுக்குத்தான் தெரியும். தார் போட்ட மறு வாரமே கேபிளுக்குத் தோண்டுவார்கள், மூடும்போது மண்ணை மட்டும் தள்ளிவிட்டுப் போவார்கள். எங்கள் ஏரியா என்றால் எல்லாருக்கும் இளக்காரம். சரி, விடுங்கள்.

இன்ஷூரன்ஸ் புதிதாக எடுத்திருந்தால் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். பல பாலிசிகளில் பவுத்திரத்துக்கு இரண்டு வருஷக் காத்திருப்பு உண்டு. என் லேசர் காசு அப்படித்தான் கையிலிருந்து போனது. டாக்டரிடம் முதல் கேள்வியாக, உள்துவாரம் எங்கே என்று கேளுங்கள். அதைச் சொல்லாமல் பேக்கேஜ் ரேட்டைச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எழுந்திருக்கிறதே கஷ்டம்தான், தெரியும்.