வயிற்றுவலியும் ஹோம்வொர்க்கும் (கடிதம்)

அன்புள்ள சார்,

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம், குடியிருப்பது அல்சூரில். மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. தீபாவளிக்குப் பிறகு பள்ளிக்கூடம் உள்ள நாளெல்லாம் காலையில் வயிற்றுவலி, வாந்தி. ஸ்கேன் வரை எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வலி கிடையாது. கன்னடப் பாடத்தை எழுந்து வாசித்தபோது யாரோ சிரித்தார்களாம், அதிலிருந்துதான். ஸ்கூட்டரில் கேட் வரை கூட்டிப்போவேன். அழுவாள். திரும்பக் கூட்டி வந்துவிடுவேன். குழந்தைகள் டாக்டர் ஒரு சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். அவர் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் சரிசெய்யும் பேச்சு சிகிச்சையாம்) என்கிறார், வாரம் ஒருமுறை, 12 தடவையாவது வரவேண்டும் என்கிறார். ஒரு தடவைக்கு 1,500 ரூபாய். பேசுகிறார்கள், ஹோம்வொர்க் கொடுக்கிறார்கள். உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். பாசிட்டிவாக நினைம்மா என்று நாங்களும்தான் தினம் சொல்கிறோம், அதற்கு எதற்கு இவ்வளவு பணம்? என் அம்மா மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்கிறார். டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்த்துவிடலாமா? பெயர் வேண்டாம்.

ஆர்., அல்சூர்

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகளை நேரில் பார்த்தவர் அந்த சைக்காலஜிஸ்ட். நான் பார்க்கவில்லை, மருத்துவனும் இல்லை. ஆனால் சிபிடி எப்படி வேலை செய்கிறது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை.

முதலில் அந்த 'பாசிட்டிவாக நினை' விஷயம். சிபிடி அது இல்லை, ஏறக்குறைய அதற்கு நேரெதிர். கடைக்கு வரும் ஸ்டார்ட் ஆகாத வண்டியிடம் யாராவது நம்பிக்கையோடு இரு என்று சொல்வார்களா? பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். 1960களில் பிலடெல்பியாவில் ஆரன் பெக் செய்தது கிட்டத்தட்ட அதுதான். உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர் அவர். மனச்சோர்வுள்ளவர்களுக்குத் தங்களைப் பற்றிய கசப்பான எண்ணங்கள் கேட்காமலே சட்டென்று வந்துபோவதையும், அவற்றைச் சரியா தவறா என்று பார்க்காமலே அவர்கள் நம்பிவிடுவதையும் கவனித்தார். எண்ணத்தை வெளியே எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்பதுதான் அவர் தொடங்கிய வழி.

உங்கள் மகளின் எண்ணம் 'நான் கன்னடம் வாசித்தால் வகுப்பே சிரிக்கும்' என்பதாக இருக்கலாம். இதற்கு 'அப்படியெல்லாம் சிரிக்க மாட்டார்கள்' என்று நீங்கள் சொல்கிற பதிலை 15 வயதுப் பெண் ஒரு நொடியில் தள்ளிவிடுவாள். உங்களுக்கு என்ன தெரியும், நீங்கள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறீர்களா? சிபிடிக்காரர் வேறு மாதிரிக் கேட்பார். வகுப்பே என்றால் எத்தனை பேர்? 40 பேரில் எத்தனை பேர் சிரிப்பார்கள் என்று முன்கூட்டியே எழுது. வாசித்த பிறகு எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எழுது. சிரித்தவர்கள் அடுத்த பீரியடில் என்ன செய்தார்கள் என்றும் பார்த்து எழுது. அந்தத் தாளில் வருகிற கணக்கு அவளே எடுத்தது, அப்பா சொன்னதில்லை. ஹோம்வொர்க் என்று நீங்கள் குறைப்படுவது இதைத்தான். சிபிடியில் சரக்கே அதுதான். அறைக்குள் நடக்கும் முக்கால் மணி நேரம் அதற்கான ஏற்பாடு மட்டுமே.

இனி உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்டில் அவள் அழுகிறாள், நீங்கள் ஸ்கூட்டரைத் திருப்புகிறீர்கள். வீடு வந்து சேர்வதற்குள் வலி போய்விடுகிறதுதானே? அது பொய்வலி இல்லை. பயத்தில் வயிறு உண்மையாகவே முறுக்கும், குமட்டும். ஆனால் வண்டி திரும்பியதும் கிடைக்கிற நிம்மதி இருக்கிறதே, அதில் அவள் உடம்பு ஒரு பாடத்தைப் படித்துவிடுகிறது: உள்ளே ஆபத்து, தப்பித்ததால் பிழைத்தேன். மறுநாள் இன்னும் சீக்கிரமாகவே வலிக்கும். அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு வர எந்த அப்பாவுக்கு மனசு வரும், புரிகிறது. இருந்தாலும் பயத்துக்குத் தினமும் சோறு போடுவது அந்தத் திரும்பும் பயணம்தான்.

அதற்காக நாளைக்கே இழுத்துக்கொண்டு போய் வகுப்பில் தள்ளிவிடாதீர்கள். அது இதைவிடக் கெடுதல். சைக்காலஜிஸ்டும் மகளும் சேர்ந்து சின்னப் படிகளாக ஒரு பட்டியல் போடுவார்கள். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கேட் வரை போவது, உள்ளே போகாவிட்டாலும் பயம் தானாகக் கொஞ்சம் இறங்கும் வரை அங்கேயே நிற்பது. பிறகு லைப்ரரியில் ஒரு பீரியட். பிறகு பிடித்த டீச்சரின் வகுப்பு. கன்னட வகுப்பு கடைசியில் வரும். எந்தப் படி என்பது அவர்கள் முடிவு. அந்தப் படி முடியும் முன் வண்டியைத் திருப்பாமல் இருப்பது உங்கள் வேலை. வழியெல்லாம் 'ஒண்ணும் ஆகாதும்மா' என்று சொல்லிக்கொண்டே போகாமல் இருப்பதும்தான். பெற்றோருக்கென்று ஒரு செஷன் வேண்டும் என்று கேளுங்கள், தருவார்கள்.

பலன் இருக்குமா என்றால், அமெரிக்காவில் 2008-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வைச் சொல்லலாம். பதற்றக் கோளாறு உள்ள 7 முதல் 17 வயது வரையிலான 488 பேர். 12 வாரம் கழித்து, சிபிடி மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். பதற்றத்துக்குத் தரப்படும் செர்ட்ராலின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 55. இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 81. ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கு 24. ஆக, சிபிடி மட்டும் பெற்றவர்களில் 10 பேரில் 4 பேருக்கு அது போதவில்லை. பின்னால் மனநல மருத்துவர் மாத்திரை தரலாம் என்றால் பதறாதீர்கள். மூன்றாவது வாரத்தில் கணக்கைத் தீர்த்துவிட்டும் வந்துவிடாதீர்கள்.

உள்ளே பேசியதை அவர் சொல்லாதது சரி. சொன்னால் உங்கள் மகள் அடுத்த வாரமே வாயை மூடிக்கொள்வாள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் சொல்லியே ஆக வேண்டும், சொல்வார். மகள் சாவைப் பற்றிப் பேசினால் அடுத்த செஷனுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

பணம் கட்டுப்படியாகவில்லை என்றால் ஓசூர் ரோட்டில் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இருக்கிறது. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனித் துறையே உண்டு. காத்திருக்க வேண்டியிருக்கும், கட்டணம் குறைவு. தனியாரிடம் போவதானால், ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போக வேண்டாம்.

கயிற்றை அம்மா கட்டட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. கயிறு கட்டிய கையோடு பள்ளிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

டி.சி. விஷயத்தில் ஒரு கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. ஒரு நாள் இரண்டு பேர் சிரித்தார்களா, அல்லது தமிழ்ப் பெண் என்று யாராவது தினமும் குறிவைத்துப் படுத்துகிறார்களா? இரண்டாவது என்றால் அவள் எண்ணத்தில் கோளாறு எதுவும் இல்லை. பள்ளியில்தான் கோளாறு. பிரின்சிபாலிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், அவர் அசையவில்லை என்றால் தயங்காமல் டி.சி. வாங்குங்கள். முதலாவது என்றால் இப்போது வாங்காதீர்கள். புதிய பள்ளியிலும் கன்னட வகுப்பு இருக்கும்.