யெல்லோ ஸ்பிரிங்ஸ் கேள்வி பதில்: மாவு, ஊற்று, நூறு டாலர் கல்லூரி

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேட்டன் நகருக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் சிற்றூர் யெல்லோ ஸ்பிரிங்ஸ். 2020 கணக்கெடுப்பில் 3,697 பேர். அந்த ஊரைப் பற்றி வந்த கேள்விகள் கீழே.

கேள்வி: கல்லூரி இருக்கிறது, திரையரங்கு இருக்கிறது. அப்புறம் ஏன் 'வில்லேஜ்' என்கிறார்கள்?

அது சட்டம் வைத்த பெயர். ஒஹாயோவில் மக்கள்தொகை 5,000-க்குக் கீழே இருந்தால் வில்லேஜ், எட்டிவிட்டால் சிட்டி. வயல் இருக்கிறதா, மாடு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த ஊருக்குத் தனி மன்றம் உண்டு, தனிக் காவல்துறை உண்டு. மின்சாரத்தையும் குடிநீரையும் ஊர் நிர்வாகமே விநியோகித்து பில் போடுகிறது. 'கிராமம்' என்று மொழிபெயர்த்தால் தப்பான படம்தான் மனதில் வரும். நம் பேரூராட்சியை நினைத்துக்கொண்டால் ஓரளவு சரி.

கேள்வி: ஊற்றுத் தண்ணீர் நிஜமாகவே மஞ்சளா? குடிக்கலாமா?

ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள், தெளிவாகத்தான் இருக்கும். மஞ்சளாக இருப்பது தண்ணீர் ஓடும் பாறை. தரைக்கடியில் காற்றுப் படாமல் வரும்போது இரும்பு நீரில் கரைந்தே இருக்கிறது. வெளியே வந்து ஆக்சிஜன் பட்டதும் துருவாகிப் பாறையில் படிகிறது. பழைய அடிபம்பைச் சுற்றிச் சிமெண்டுத் தரையில் காவிக் கறை ஏறியிருக்குமே, அதே கதைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தண்ணீர் நோய் தீர்க்கும் என்று நம்பி மக்கள் வந்து தங்கினார்கள், விடுதிகள் நடந்தன. இப்போது குடிக்க வேண்டாம். டோலமைட் பாறையின் வெடிப்புகள் வழியாக வரும் நீர் மண்ணில் வடிகட்டப்படுவதில்லை. மேலே நிலத்தில் எது விழுந்தாலும் சீக்கிரம் கீழே வந்துவிடும்.

கேள்வி: இங்கே ஒரு பொதுவுடைமைக் குடியிருப்பு இருந்ததாமே?

எல்லோரும் சேர்ந்து உழைத்து, எல்லாவற்றையும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்ற பிரிட்டிஷ் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவனின் கருத்தை ஏற்று 1825-இல் சுமார் நூறு குடும்பங்கள் வந்தன. யார் எவ்வளவு உழைப்பது என்பதில் தகராறு. ஓரிரு ஆண்டில் கலைந்துபோனார்கள். ஊரின் வரலாறு இதிலிருந்துதான் தொடங்குகிறது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. 1846-இல் ரயில் வந்திராவிட்டால் இன்று ஊரே இருந்திருக்காது.

கேள்வி: ஆன்டியாக் கல்லூரி ஆரம்பித்த சில ஆண்டுகளிலேயே திவாலானது எப்படி?

கணக்கு தெரியாமல் வித்த கதை. கட்டடத்துக்குப் பணம் திரட்ட 'உதவித்தொகைப் பத்திரம்' என்று ஒன்றை விற்றார்கள். 100 டாலர் ஒரு தடவை கொடுத்தால் போதும், வாங்கியவர் தன் பங்குக்கு ஒரு மாணவரை எந்தக் காலத்துக்கும் கட்டணமில்லாமல் படிக்க அனுப்பலாம்.

அந்த 100 டாலரை நூற்றுக்கு 6 வட்டிக்கு விட்டாலே ஆண்டுக்கு 6 டாலர்தான் வரும். ஒரு மாணவருக்குப் பாடம் நடத்த அது எந்த மூலைக்கு? இதில் முதலும் கட்டடத்தில் போய்விட்டது. 1853-இல் வகுப்பு தொடங்கியபோது மாணவர் நிறைய, கட்டணம் கட்டுவோர் குறைவு. 1859-இல் கல்லூரி ஏலத்துக்கு வந்தது. கல்லூரியின் நண்பர்கள் ஏலத்தில் எடுத்துக் காப்பாற்றினார்கள். முதல் தலைவர் ஹோரஸ் மான் அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். பெண்களையும் ஆண்களையும் ஒரே வகுப்பில், ஒரே பாடத்திட்டத்தில் உட்கார வைத்தவர் அவர்.

கேள்வி: கிறிஸ்துமசுக்கு விதவைகளுக்கு மாவு கொடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

வீலிங் கான்ட் என்பவரிடமிருந்து. கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். கிடைத்த வேலையெல்லாம் செய்து 900 டாலர் சேர்த்துத் தன்னையே விலைக்கு வாங்கிக்கொண்டார். பிறகு மனைவி அமாண்டாவை 500 டாலருக்கு மீட்டார். 1860-களில் இங்கே குடியேறி, நிலமும் வீடுகளும் வாங்கி, வசதியான மனிதராக ஆனார்.

1894-இல், சாவதற்குச் சற்று முன், ஒன்பது ஏக்கர் நிலத்தை ஊருக்கு எழுதி வைத்தார். நிபந்தனை ஒன்றுதான்: நிலத்தின் வாடகையில் மாவு வாங்கி, ஊரிலுள்ள ஏழை விதவைகளுக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுங்கள் என்று எழுதியிருந்தால் பணத்தின் மதிப்பு விழுந்து, இன்று ஒரு காப்பிக்குக்கூடக் காணாது. மாவு என்று எழுதியதால் அது எப்போதும் மாவாகவே இருக்கிறது. பிற்பாடு சர்க்கரையும் சேர்ந்தது. அந்த நிலம் இன்று கான்ட் பூங்கா. நீச்சல்குளமும் விளையாட்டுத் திடலும் இருக்கின்றன, பழைய வாடகை இல்லை. மாவு மட்டும் நிற்கவில்லை, டிசம்பரில் ஊர் ஊழியர்களே வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

கேள்வி: முற்போக்கான ஊர் என்ற பெயர் எவ்வளவு தூரம் உண்மை?

பாதி உண்மை. 1862-இல் அடிமைமுறையை எதிர்த்த போதகர் மான்கியூர் கான்வே தன் தந்தையின் அடிமைகள் சுமார் 30 பேரை வர்ஜீனியாவிலிருந்து அழைத்துவந்து இங்கே குடிவைத்தார். கான்டும் இந்த ஊரைத்தான் தேர்ந்தெடுத்தார். ஆனால் 1964-இலும் கடைவீதியில் ஒரு முடிதிருத்தகம் கறுப்பினத்தவருக்கு முடி வெட்ட மறுத்தது. "அந்த முடியை வெட்டத் தெரியாது" என்பது உரிமையாளர் சொன்ன காரணம். மார்ச் 14 அன்று மாணவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். காவலர்கள் கண்ணீர்ப்புகை வீசி, நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தார்கள். கடை மூடப்பட்டது.

கேள்வி: இவ்வளவு சின்ன ஊரில் வேலைக்கு எங்கே போவார்கள்?

1920-இல் கல்லூரித் தலைவராக வந்த ஆர்தர் மார்கன், மாணவர்களைச் சில மாதம் வகுப்புக்கும் சில மாதம் வேலைக்கும் மாற்றி மாற்றி அனுப்பினார். சிற்றூரிலேயே சிறுதொழில் நடக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அதன் வழியில் வந்தது 1948-இல் தொடங்கிய யெல்லோ ஸ்பிரிங்ஸ் இன்ஸ்ட்ருமெண்ட் நிறுவனம், சுருக்கமாக ஒய்.எஸ்.ஐ. இரத்தத்தில் ஆக்சிஜன் அளக்க லேலண்ட் கிளார்க் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த மின்முனையை இவர்கள்தான் கருவியாகச் செய்து விற்றார்கள். பிளாட்டினக் கம்பியின் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு; ஆக்சிஜன் உள்ளே போகும், இரத்தத்தின் புரதம் கம்பியில் ஒட்டாது. சவ்வுக்கு உள்ளே ஒரு நொதியை வைத்ததும் அதே கருவி சர்க்கரை அளக்கத் தொடங்கியது. 1975-இல் குளுக்கோஸ் பரிசோதனைக் கருவியாகச் சந்தைக்கு வந்தது.

கேள்வி: ஊர் எல்லையில் வயல்வெளி அப்படியே இருக்கிறதே, மால் வராமல் எப்படித் தடுத்தார்கள்?

தடை போட்டு இல்லை, விலை கொடுத்து. 1999-இல் ஊரை ஒட்டிய வைட்ஹால் பண்ணை, 940 ஏக்கர், ஏலத்துக்கு வந்தது. ஊர் மன்றமும் நில அறக்கட்டளையும் மக்களும் சுமார் 12 லட்சம் டாலர் திரட்டினார்கள். அந்தப் பணத்துக்கு வாங்கியது நிலத்தை அல்ல, அதில் மனை போடும் உரிமையை. நிலம் உரிமையாளரிடமே இருக்கும், உழலாம், விற்கலாம். மனை பிரிக்க முடியாது என்பது பத்திரத்தில் ஏறிவிடுவதால் அடுத்து வாங்குபவரையும் கட்டுப்படுத்தும்.

இதற்கு விலையும் உண்டு. ஊர் விரிய இடமில்லாததால் வீட்டு விலை ஏறுகிறது. ஒரு காலத்தில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவராக இருந்த ஊரில் இன்று அந்தப் பங்கு பாதியாகிவிட்டது. விலையேற்றம் ஒன்றே காரணம் இல்லை, ஆனால் பெரிய காரணம். வாசலில் சமத்துவப் பலகை வைத்த வீட்டை எத்தனை பேரால் வாங்க முடியும்?

கேள்வி: கல்லூரி மூடியபோது காடும் போயிற்றா?

இல்லை. கிளென் ஹெலன் என்ற சுமார் 1,000 ஏக்கர் காடு, ஹியூ டெய்லர் பர்ச் தன் மகள் ஹெலன் நினைவாக 1929-இல் கல்லூரிக்குக் கொடுக்கத் தொடங்கியது. கல்லூரி 2008-இல் மூடி, பழைய மாணவர்கள் முயற்சியில் 2011-இல் திறந்தது. 2020-இல் பணமுடையில் காட்டைக் கைவிட்டது. காட்டின் ஆதரவாளர் சங்கம் 25 லட்சம் டாலருக்கு, பத்தாண்டுத் தவணையில் வாங்கிக்கொண்டது.

கேள்வி: ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன பார்க்கலாம்?

காலையில் கிளென் ஹெலன். கல்படி இறங்கி ஊற்றுவரை நடங்கள். மழை பெய்த மறுநாள் சுண்ணாம்புப் படி வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு போங்கள். மதியம் சீனியா அவென்யூக் கடைவீதி. மாலையில் வாடகைச் சைக்கிள் எடுத்து, தண்டவாளம் பெயர்த்த தடத்தில் தெற்கே சீனியா நகருக்குப் போகலாம். பழைய ரயில் பாதை என்பதால் மேடு பள்ளமே இருக்காது.